கோட்டுக்குக் கீழே

கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் மஹ்மூத் ஹாஜியார் எதை எழுதினாலும் நடுவில் ஒரு கோடு போடுவார். கோட்டுக்கு மேலே இருப்பது ஊருக்கு. கீழே இருப்பது தன் ஆளுக்கு. கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் அவருக்காகச் சரக்கு எடுக்கும் ஏஜெண்டுக்கு அனுப்புகிற செய்தியும் அப்படித்தான். மேலே, இன்ன துணி, இத்தனை கட்டு; அதை மொத்தக் கடைக்காரனிடம் அப்படியே நீட்டிக் காட்டலாம். கீழே, எந்த இடத்தில் முகத்தைச் சுளிக்க வேண்டும், எந்த இடத்தில் எழுந்து போகிற மாதிரி நடிக்க வேண்டும், கடைசியாக எதற்குச் சம்மதிக்கலாம். அந்தக் கோடு அவரைக் கைவிட்டதே இல்லை. கீழ்ப் பாதியைக் கடைக்காரனுக்குக் காட்டக் கூடாது என்கிற புத்தி ஏஜெண்டுக்கு இருந்தது. வாட்ஸ்அப்புக்கு அந்தப் புத்தி கிடையாது.

மகள் இல்மாவின் கலியாண அறிவித்தலையும் அவர் அதே முறையில்தான் எழுதினார்.

அப்படியொரு அறிவித்தலுக்கே தேவை இருக்கவில்லை என்பதுதான் இதில் வயிறெரிகிற சங்கதி. கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து அரூஸ் என்கிற மாப்பிள்ளை இரண்டு தடவை குண்டசாலை வீட்டுக்கு வந்து போயிருந்தான். இல்மாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. டவுனில் ஒரு பார்மசியில் வேலை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது கேட்காமல் போனது. பெண் பார்க்க வந்து அதைத் தெரிந்துகொண்டவர்கள் எல்லாரும் சர்பத்தை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. இரண்டாம் முறை படியேறிய முதல் ஆள் அரூஸ். காதைப் பற்றி வீட்டாருக்குத் தெரியாமல் அவளே அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் எழுந்து, தன் கதிரையை அவளுடைய வலப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டிருந்தான். சீதனம் ஒன்றும் வாணாம், பெண்ணுக்கு நான்தான் மஹர் கொடுத்து முடிக்கிறேன் என்றும் சொன்னான். அவன் போன பிறகு இல்மா பாட்டு முணுமுணுத்தபடி பீங்கான் கழுவியதை உம்மா றமீஸா கண்டாள். கண்டும் காணாதது போல இருந்தாள்.

ஹாஜியாருக்கு இது பிடிபடவில்லை. விலை கேட்காமல் சாமான் எடுக்கிறவன் ஒன்று கள்ள நோட்டுக்காரன், இல்லாவிட்டால் நாளைக்கே திருப்பிக் கொண்டு வருகிறவன் என்பது அவர் கடையில் கண்டறிந்த உண்மை. அதற்கேற்ற மாதிரி கெலிஓயாவிலிருந்து கொஞ்ச நாளாகப் பேச்சுமூச்சில்லை. கடையில் நிற்கும் ஒரே கிராக்கி வாசலைப் பார்க்கத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு கிராக்கியைக் கூப்பிட வேண்டும். கலியாணத் தரகர் பஹ்மி நடத்துகிற நிக்காஹ் வாட்ஸ்அப் குரூப்பில் கண்டி மாவட்டமே இருந்தது. அதில் ஒரு அறிவித்தல் விழுந்தால் கெலிஓயாக்காரர்கள் விழுந்தடித்து ஓடி வருவார்கள்.

"என்ன எழுதியீக்கிறீங்க வாப்பா? தாங்க, ஒருக்கா வாசிச்சிட்டுத் தாரேன்" என்று கேட்டாள் இல்மா.

"இது புள்ளைகள் பாக்கிற சாமானில்ல."

"என்ட விசயந்தானே."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"குடுங்களேன்" என்றாள் றமீஸா. "போன பெருநாளைக்கு நீங்க போட்ட வெளம்பரத்துல கடைட பேரே இல்ல. வந்த சனமெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போனது."

"அது அவசரத்துல போட்டது. இது நிதானமா எழுதினது."

நிதானமாகத்தான் எழுதினார். அனுப்பியதில்தான் நிதானமில்லை. மறுநாள் கடையில் மூன்று பெண்கள் அபாயாத் துணி ஒன்றை விரித்து வைத்து, கட்டுப்படியாகாத விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கையால் துணியைப் பிடித்தபடி, மற்றக் கையின் பெருவிரலால் போனை அழுத்தினார். அதில் எழுதி வைத்திருந்ததில் கோடு வரைக்கும்தான் பிரதி எடுக்க நினைத்தார். விரல் முழுவதையும் எடுத்தது. குரூப்பில் ஒட்டினார், அனுப்பினார். போனதை வாசித்துப் பார்க்கவில்லை. தான் எழுதியது தனக்குத் தெரியாதா என்ன. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. போனை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார்.

குரூப்பில் விழுந்தது இதுதான்:

"குண்டசாலையைச் சேர்ந்த மார்க்கப்பற்றுள்ள குடும்பத்து மணமகளுக்கு, தொழில் செய்யும் நற்குணமுள்ள மணமகன் தேவை. மணமகள் பார்மசி படித்தவர். தந்தை கண்டி நகரில் துணி வியாபாரம். தகுந்த இடமாயின் வீட்டின் மேல்மாடி தரப்படும்."

பிறகு கோடு. கோட்டுக்குக் கீழே:

"பஹ்மி, மேல்மாடியில தொடங்குங்க. முகம் சுளிச்சா முழு வீடும். அதுக்கும் அசையாட்டி கட்டுகஸ்தோட்டையில உள்ள மத்தக் கடையையும் எழுதித் தாரேன், ஆனா நீங்களா வாய் தொறக்கப் படாது. காது விசயம் நாள் குறிக்கும் வரைக்கும் வாணாம். பொறகு தெரிஞ்சா திரும்பிப் போக வெக்கப்படுவாங்க. கெலிஓயாப் பார்ட்டி இழுக்குது, இதக் கண்டா ஓடி வரும். ஒண்டும் சரி வராட்டி ரெண்டாந்தாரம், புள்ளகுட்டி உள்ளதும் பரவால்ல. இனி வெச்சிருக்க ஏலா."

தொழுதுவிட்டு வந்து லாச்சியைத் திறந்தபோது போன் அடித்துக்கொண்டே இருந்தது. பஹ்மிதான்.

"ஹாஜியார், கீழ்ப் பாதியையும் போட்டீக்கிறீங்க."

"எந்தக் கீழ்ப் பாதி?"

"எனக்குள்ள பாதி."

ஹாஜியார் பக்கத்திலிருந்த துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தார். "அழிங்க."

"அழிச்சிட்டேன். சனம் போட்டோ புடிச்சி வெச்சிட்டுத்தான் எனக்கே சொன்னது. மாத்தளையில ஒத்தர் கேக்கிறார், கட்டுகஸ்தோட்டைக் கடை மெயின் ரோட்டுக்கா, உள்ளுக்கான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பேசிப் பாப்போம்னேன். வேற என்னத்தச் சொல்ல? தொழில்தானே."

இல்மாவுக்கு அதைக் காட்டியவள் மருந்து வாங்க வந்த ஒருத்தி. அது யாரைப் பற்றியது என்று தெரியாமலே, "இந்த வாப்பாவப் பாருங்களேன்" என்று சிரித்துக்கொண்டே போனை நீட்டியிருந்தாள். இல்மா வாசித்தாள், பிறகு மருந்தைக் கட்டி, எத்தனை வேளை என்று எழுதிக் கொடுத்தாள். வேலை முடியும் வரை நின்று, வழக்கமான பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.

ஹாஜியார் அவளுக்கு முன்னாலேயே வந்து ஹாலில் காத்திருந்தார். "மகள், அது ஒரு பேச்சுக்கு எழுதினது. பேரத்துக்கு அப்பிடித்தான் எழுதுற."

"மேல எழுதினதுதான் வாப்பா பேச்சுக்கு. கோட்டுக்குக் கீழ நீங்க பேச்சுக்கு எழுத மாட்டீங்க."

கடையில் அவர் கற்றுக்கொடுத்ததைத்தான் அவள் சொன்னாள்.

கெலிஓயாப் பார்ட்டி ஓடி வந்தது. அந்தக் கணக்கு மட்டும் பிசகவில்லை. மறுநாளே அரூஸும் அவனுடைய நானா, மூத்த சகோதரன் நஸீபும் கேக் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். ஹாஜியாருக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. கோபப்பட்டவர்கள் கேக் கொண்டு வர மாட்டார்களே. நஸீப் ஒரு கதிரையைக் காட்ட, அரூஸ் அதில் உட்கார்ந்தான்.

"காது ஒரு கொறையா ஹாஜியார்?" என்று நஸீப் இதமாகத் தொடங்கினான். "அல்லாஹ் தந்தது. எங்களுக்கு அதுல ஒண்டுமில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்."

"மத்த விசயத்த முடிச்சிட்டா நாள் குறிக்கலாம்." நஸீப் போனை மேசையில் வைத்து ஹாஜியார் பக்கம் திருப்பினான். "நாங்களா ஒண்டும் கேக்கல்ல. நீங்க எழுதினதுதான். மேல்மாடியில தொடங்கி என்னத்துக்கு நேரத்தப் போக்கிற?"

"தம்பி ஒண்டும் வாணாம்னாரே."

"அது நீங்க எழுத முந்தி. குடுக்க நெனச்சீக்கிறீங்கன்னு தெரிஞ்ச பொறகும் வாணாம்னா உங்களுக்குத்தான் மரியாதையில்ல."

ஹாஜியார் அரூஸைப் பார்த்தார். அரூஸ் விரிப்பின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹாஜியாருக்கு வியாபாரம் தெரியும். கடைசி விலையைக் கண்டுவிட்ட கிராக்கியை மறுபடி முதல் விலைக்கு ஏற்ற யாராலும் முடியாது. அதுவும் விலையைத் தன் கையாலேயே எழுதிக் காட்டியவனால். கைகூடி வந்த இடம் போனால், மிச்சமிருப்பது கோட்டுக்குக் கீழே எழுதிய அந்த இரண்டாந்தாரம்தான்.

"சரி" என்றார். "வீடும் கடையும்."

தேத்தண்ணித் தட்டோடு வந்த இல்மா வாசலிலேயே நின்றாள். வாப்பாவையோ நஸீபையோ அவள் பார்க்கவில்லை.

"நீங்க வாசிச்சீங்களா?" என்று அரூஸிடம் கேட்டாள்.

"நானா காட்டினார்."

"முழுக்க?"

"ம்."

"என்ன நெனச்சீங்க?"

அரூஸ் நானாவைப் பார்த்தான். நானா கேக் பெட்டியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "வாப்பா விரும்பிக் குடுக்கிறத நாம என்னத்துக்குத் தடுக்கோணும்னு..." வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. முடிக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இருக்கவுமில்லை.

இல்மா தட்டை மேசையில் வைத்தாள். "வாணாம் வாப்பா. இது வாணாம்."

"மகள், நான் சரின்னுட்டேன்."

"என்னக் கேக்கல்லயே."

உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. றமீஸா பின்னால் போய்க் கதவருகே நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஹாலில் நஸீப் எழுந்தான். கேக் பெட்டியை எடுக்கலாமா வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, வைத்துவிட்டான்.

கேட் வரைக்கும் ஹாஜியார் கூட நடந்தார். அரூஸ் முன்னால் போய் வேனுக்குள் ஏறிவிட்டான். நஸீப் திரும்பி, உண்மையான அக்கறையோடு குரலைத் தாழ்த்தினான்.

"கொற நெனக்க வாணாம் ஹாஜியார். எங்கட கடைக்கு வார ஒத்தர் ஈக்கிறார், பெஞ்சாதி மௌத்தாகி, ரெண்டு புள்ளைகள். நல்ல மனிசன். நீங்க எழுதினதுல அதுவும் இருந்ததுதானே, அதால கேக்கிறேன். சொல்லவா?"

ஹாஜியார் தலையை ஆட்டினார். சொல்லுங்கள் என்றா, வேண்டாம் என்றா என்பது அவருக்கே தெரியவில்லை. நஸீப் சொல்லுங்கள் என்றே எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு பஹ்மி இரண்டு இடம் கொண்டு வந்தான். இரண்டும் கட்டுகஸ்தோட்டையில் கடையைப் பார்த்துவிட்டு வந்த இடங்கள். பெண்ணைப் பார்க்க நேரமில்லை என்றார்கள். பார்மசியில் இல்மாவோடு வேலை செய்கிறவர்கள் அவளிடம் நோயாளியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். அவள் பாட்டு முணுமுணுப்பதை அதன் பிறகு றமீஸா கேட்கவேயில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கடைக்குப் போகாமல், ஹாஜியார் புதிதாக ஒரு அறிவித்தல் எழுதினார். எழுதி வாசித்தார், ஒரு சொல்லை எடுத்தார், மறுபடி வாசித்தார். றமீஸாவிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். காது விசயம் இரண்டாவது வரியிலேயே இருந்தது. வீடு இல்லை, கடை இல்லை. நடுவில் கோடு இல்லை. பிறகு போனை எடுத்துக்கொண்டு இல்மாவின் அறைக்குப் போனார். அவள் வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"மகள், ஒருக்கா வாசிச்சிட்டுத் தாங்க."

அவள் போனை வாங்கவில்லை. கோட்டின் கழுத்தைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள்.

"இனி என்னத்த வாசிக்கிற வாப்பா. எல்லாரும் வாசிச்சிட்டாங்க."

அவர் அங்கேயே நின்று இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்தார். பிழை ஒன்றும் அகப்படவில்லை. அனுப்புகிற அம்புக்குறிக்கு மேலே பெருவிரல் இறங்காமல் நின்றது. இல்மா கோட்டை மடித்து வைத்துவிட்டு, கூடையிலிருந்து அவருடைய சட்டையை எடுத்து விரித்தாள்.