இரண்டு பேருந்துகளும் ஒரு சராசரியும்

மின்விசிறி முனகிக்கொண்டே நின்றபோது புள்ளியியல் பேராசிரியை ‘திட்ட விலக்கம்’ என்ற சொல்லின் பாதியில் இருந்தார். கரண்ட்டோடு இணையமும் போயிற்று. மடிக்கணினியில் நாற்பத்தோரு கறுப்புக் கட்டங்கள் அப்படியே நின்றுவிட்டன. அவற்றில் ஒன்றில்கூட இதுவரை அவர் ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. “கேக்குதா?” என்றால் நாலு பேர் ‘எஸ் மேடம்’ என்று தட்டுவார்கள், அவ்வளவுதான். மூன்று மாதமாகச் சுவரோடு பேசி ஓய்ந்துபோய், இந்தப் பருவத்தோடு ஆன்லைன் வகுப்பை விட்டுவிடப் போவதாக அன்று காலைதான் கணவரிடம் சொல்லியிருந்தார்.

கணவர் பேருந்து ஓட்டுநர். அன்று அவருக்கு விடுமுறை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டுத் தன் போனை நீட்டினார். “இதுல நெட்டு இருக்கு. போய்ப் பாரு.”

அதற்குள் இருபது நிமிடம் ஆகியிருந்தது. எல்லாரும் கலைந்திருப்பார்கள் என்று நினைத்தபடிதான் போன் வழியாக வகுப்புக்குள் நுழைந்தார். முப்பத்தெட்டு பேர் இருந்தார்கள். ஒரு பெண் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் ஓர் எந்திரம் கடகடத்தது.

“டிரைவர்னு ஒருத்தர் வந்திருக்காரு,” என்றது ஓர் ஆண்குரல். “அண்ணே, நீங்களும் நம்ம கிளாஸா?”

கணவர் போனில் தன் பெயரை அப்படித்தான் வைத்திருந்தார். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பேராசிரியை ‘ஆமா’ என்று தட்டினார். எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குறும்பு, ‘ஒண்ணும் புரியல’ என்றும் சேர்த்துத் தட்டினார்.

“எங்களுக்கும்தான் புரியல. மேடம்கிட்ட கேக்க பயம்,” என்றாள் அந்தப் பெண். “இப்பதான் ஒரு வழியா பிடிபட்டுச்சு. உங்களுக்கு பஸ்ஸ வச்சே சொல்றேன். ஒரு பஸ்ஸு மூணு நாளும் ஒம்பது, பத்து, பதினொரு நிமிஷம் லேட்டு. இன்னொண்ணு ஒரு நாள் டயத்துக்கு வந்துரும், மறுநாள் அஞ்சு நிமிஷம், அதுக்கு மறுநாள் இருபத்தஞ்சு. சராசரி ரெண்டுக்குமே பத்துதான். ஆனா எத நம்பி வீட்ட விட்டுக் கிளம்புவீங்க?”

பதினைந்து வருடமாகப் பேராசிரியை சூத்திரத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறார். ஒரு நாளும் பேருந்து நிறுத்தத்திலிருந்து தொடங்கியதில்லை.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கணவருக்குப் பொறுக்கவில்லை. மைக்கை அமுக்கினார். “என் பஸ்ஸு லேட்டே ஆகாதும்மா.”

பேராசிரியை அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார்.

“மேடமா?” என்று யாரோ கேட்டார்கள். பிறகு எல்லா மைக்குகளும் திறந்துகொண்டதுபோல ஒரே சிரிப்பு.

“நான்தாம்மா,” என்றார், சிரிப்பு அடங்கியபின். “இவ்வளவு நல்லா நான் சொன்னதில்ல. எங்கேருந்து பேசுற?”

“ஆஸ்பத்திரி லாண்டரிலேருந்து மேடம். மிஷின் சத்தம், அதான் மைக்கே போடறதில்ல.”

“உன்னைப் பாக்கணுமே.”

“டேட்டா தீந்துரும் மேடம். சரி, ஒரே ஒரு நிமிஷம்.”

கட்டம் வெளிச்சமானது. குவிந்து கிடந்த வெள்ளை விரிப்புகளுக்கு முன்னால் வியர்த்துச் சிரிக்கும் ஒரு முகம். சலவை எந்திரத்தின் இரும்புக் கதவில் சாக்பீஸால் எழுதிய கணக்கு. ஈர விரிப்பு ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், வேலையை நிறுத்திவிட்டு அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“இருபத்தஞ்சு நிமிஷம் எவடி காத்திருப்பா?” என்றாள் ஒருத்தி.

அதோடு படம் உறைந்தது. விரிப்பின் நடுவிலிருந்து உதிர்ந்த நீர்த்துளி தரையைத் தொடாமல் நின்றது. அவர்களுடைய வாக்குவாதம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.