கம்பி கட்டிய நண்டுகள்

ஜெபசீலனை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்!

நாங்கள் இருவரும் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர்கள். ஈஸ்டர் முடிந்ததும் எங்களுக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. எழுபத்திரண்டில், முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் எவ்வளவு நண்டு இருக்கிறது என்று கணக்கிடும் வேலை மீன்வளத் துறையிலிருந்து எங்களிடம் வந்தது. ஏராளம் என்று நாங்கள் சொன்னால், துறையிடம் அனுமதி வாங்கி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று முகத்துவாரத்தையே மறித்து வலை கட்டும். கரையோரம் நண்டு பிடித்துப் பிழைக்கும் பெண்கள் வாயில் மண்தான்.

பிடித்த நண்டின் ஓட்டில் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் முட்களைச் செம்புக் கம்பியால் இணைத்துக் கட்டுவேன். அவற்றைப் படகில் கொண்டுபோய்த் திரும்ப நீரில் விடுவது ஜெபசீலன் வேலை. படகென்றாலே எனக்குக் குமட்டும், கரையோடு நின்றுவிடுவேன். சில நாள் கழித்து மறுபடி வலை வீசும்போது கம்பி கட்டியவை நிறைய வந்தால், மொத்தமே கொஞ்சம்தான் என்று அர்த்தம். ஒன்றிரண்டே வந்தால், உள்ளே எக்கச்சக்கமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்றிரண்டுதான் வந்தது. ஏராளம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நண்டு பிடிக்கும் புஷ்பம் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"இன்னாம்மா, எங்க கைக்கு ஒண்ணும் மாட்டல, நீ ஏராளமா கீதுன்ற?"

"கணக்குப் போட்டுத்தான் சொல்றேன், புஷ்பம். என்னை நம்பு."

மறுவாரம் சிட்லபாக்கத்தில் ஜெபசீலன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா காபியைக் கொடுத்துவிட்டு விரலைக் காட்டினார்.

"ஏம்மா பியூலா, நண்டுக்கு இவ்ளோ இறுக்கமாவா கம்பி கட்டுவே? பிரிக்கறதுக்குள்ள விரலெல்லாம் கிழிஞ்சுபோச்சு. கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு எத்தனை தடவைதான் சமைச்சு அனுப்பறது!"

ஜெபசீலன் உள்ளிருந்து வந்தான். முகத்தில் கூச்சமே இல்லை.

"ஏங்க, தண்ணியில விடாம இப்படிப் பண்ணீங்க?"

"நமக்காகத்தான். கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் கம்பெனில வேலை."

"பாவி! என் கையாலேயே அவங்க வயித்துல அடிச்சிட்டீங்களே!"

நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி அங்கேயே வைத்தேன். கணக்குத் தப்பு என்று எழுதி மீன்வளத் துறை அதிகாரியிடம் நேரில் கொடுத்தேன். அனுமதி கொடுத்தாயிற்றே என்றார்.

முட்டுக்காட்டுக்கு ஓடினேன். முகத்துவாரத்தில் வலைக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்ததையெல்லாம் புஷ்பத்திடம் அழுதுகொண்டே கொட்டினேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"நீ கட்டிக்கப் போற ஆளு செய்றது உனுக்குத் தெரியாதா? யாருக்கும்மா காது குத்துற?"

"சத்தியமாத் தெரியாது, புஷ்பம்."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். நிற்கவே இல்லை.