எதிர்க்கடை அண்ணன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைக்க என் சோம்பல்தான் காரணம். கைப்பேசியில் வாங்கிய சட்டை முழங்காலைத் தொட்டது. திருப்பி அனுப்ப அலுப்புப்பட்டு, கடைத்தெருத் தையல்காரம்மாவிடம் கொண்டுபோனேன். சட்டை சுருங்கியது; கதை நீண்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஒரு காலத்தில் ஜேஜே என்றிருந்த அந்தத் தெரு இன்று…’

வேண்டாம். ஒப்பாரி வைக்க நான் வரவில்லை. (ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: இருபத்திரண்டு கடைகளில் ஒன்பதுக்கு ஷட்டர் இறங்கியிருந்தது.)

தையல்காரம்மாவின் அண்ணன் எதிரிலேயே துணிக்கடை வைத்திருந்தார். வருகிறவர்கள் துணியைத் தடவிப் பார்ப்பார்கள், விலைச்சீட்டைப் படம் பிடிப்பார்கள், வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் வாங்குவார்கள். அது அளவு சேராமல் நேரே தங்கையிடம் வரும், பிடிக்கவோ பிரிக்கவோ. தங்கையின் மெஷின் ஓயவில்லை. அண்ணன் தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஏழு மாதம்.

3

அவரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் அதற்குத் தோதுப்படவில்லை. வியாபாரம் இல்லாத கடையிலும் தினமும் கண்ணாடியைத் துடைத்துவைப்பவரை எப்படித் திட்டுவது?

ஒரு நாள் தையல்கடை வாசலில் ஏழு பேர் பார்சலோடு வெயிலில் நின்றார்கள். உள்ளே இடமில்லை. ஓர் அம்மாள் மகளின் புது உடையை ரோட்டிலேயே அவள்மேல் வைத்துப் பார்த்தாள். தையல்காரம்மா தெருவைக் கடந்தார்.

“அண்ணே, உன் கடையில மூணு டிரையல் ரூம் சும்மாத்தானே கெடக்கு? இவங்க அங்க போட்டுப் பாக்கட்டும். நானும் மெஷினோட வந்துடறேன்.”

“என் வயித்துல அடிச்ச துணிக்கு என் கடையிலயே மரியாதையா?”

“துணிதான் வேத்தூரு. ஆளுங்க நம்ம ஆளுங்க. வெயில்ல நிக்கிறாங்கண்ணே.”

(இங்கே அண்ணன் கண்கலங்கியதாக எழுதி அடித்துவிட்டேன். கலங்கவில்லை. வாசலுக்கு வந்து, “உள்ள வாங்க, ஃபேன் ஓடுது” என்றார்.)

4

ஆனால் அடுத்தவர் துணியைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“ரெண்டு துவைப்புக்குத் தாங்காதும்மா இது.”

இரண்டே துவைப்பில் அது நிரூபணமானது. மகளுக்கு உடை கொண்டுவந்த அந்த அம்மாள் அடுத்த முறை வெறுங்கையோடு வந்து, “நீங்களே ஒண்ணு எடுத்துக் காட்டுங்க” என்றாள். தங்கை அங்கேயே அளவெடுத்தார். காத்திருப்பவர்களை நம்பி டீக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். பிறகு செருப்புக்கடை. ஒன்பது ஏழானது. (பெரிய புரட்சி என்று எழுதினால் தெருவே சிரிக்கும்.)

5

முடிவில்தான் மாட்டிக்கொண்டேன். நான் போனபோது கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை எழுதப் பெயிண்டர் ஏணியில் நின்றார்; கீழே இருவரும் சண்டை.

“மேல அவ பேரை எழுதுப்பா. கூட்டம் அவளுக்குத்தான் வந்துச்சு.”

“மூத்தவன் இருக்கறப்ப என் பேரா? நல்லாருக்கே!”

அண்ணன் விட்டுக்கொடுத்ததாக ஒன்று, தங்கை விட்டுக்கொடுத்ததாக ஒன்று, இருவர் பெயரும் இல்லாமல் தெருவின் பெயரையே வைத்ததாக ஒன்று என மூன்று முடிவு எழுதினேன். எதைப் படித்துக் காட்டினாலும் யாராவது ஒருவர் கோபித்துக்கொள்கிறார். மறுபடி ஏழு மாதம் பேசாமலிருந்தால் என்னால் பொறுப்பேற்க முடியாது.

உங்களுக்குத் தோன்றுவதைப் பெயிண்டரிடம் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பிரஷ் காய்கிறது.