ஐம்பது விநாடிப் பச்சை

செந்தாமரை ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் தரை துடைத்தவள். அறுபது வயதானதும் ஒரு சால்வையைப் போர்த்தி, கையில் எவர்சில்வர் குடத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வெளியே கிளம்ப அவளுக்கு இருந்தது செவ்வாய்க்கிழமை ஒன்றுதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்குத்தான் பிரஷர், சுகர் மாத்திரை கொடுப்பார்கள். ஊர்ப் பெரிசுகள் பதினோரு பேர் ஒன்றாகப் போவார்கள். அங்கிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து மருமகள்களைப் பற்றியும் நிலம் விற்றவர்களைப் பற்றியும் வாய் ஓயப் பேசிவிட்டு, மத்தியானச் சோற்றுக்குத் திரும்புவார்கள்.

அந்த ரோட்டைத்தான் ஆறு வழியாக்கினார்கள். கூட்ரோட்டில் புதுசாக சிக்னலும் வைத்தார்கள். நடந்து போகிறவர்களுக்குப் பச்சை விளக்கு பதினெட்டு விநாடி எரியும். அந்த நேரத்தில் செந்தாமரையால் நடுச்சுவர் வரைதான் போக முடியும். அடுத்த பச்சை வருகிறவரை, முன்னாலும் பின்னாலும் கம்பெனி பஸ்கள் பறக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரே மாதத்தில் பதினோரு பேர் நாலு பேரானார்கள். பிறகு அவள் மட்டும்தான் போய்வந்தாள்.

"மத்தவங்க எல்லாம் எங்கம்மா? மாத்திரை இல்லாம இருந்தா யாராவது மயங்கி விழுந்துடப் போறாங்க" என்றாள் நர்ஸ் மெர்சி. "பேசாம வீட்டுக்கே கொடுத்தனுப்ப ஏற்பாடு பண்ணட்டுமா?"

"மாத்திர வூட்டுக்கு வந்துடும் சிஸ்டர். நாங்க வூட்ட வுட்டு வெளிய வரவேணாமா?" என்றாள் செந்தாமரை.

கேட்ட பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. நேராக, அந்தப் பதினோரு பேரில் ஒருவரான மண்ணாங்கட்டி வீட்டுக்குப் போனாள். எழுபத்தாறு வயது, ஊன்றுகோல், வாய் மட்டும் இளமை. "எனக்குத்தான் பிரஷர் சரியாப் போச்சே" என்று சமாளித்தார். அவள் விடவில்லை. கடைசியில் உண்மை வந்தது.

"நடுவுல நிக்கிறேன் தாமர. புதுக் காருங்கள அடுக்கிக்கினு ஒரு பெரிய லாரி போச்சு பாரு, அந்தக் காத்துல என் வேட்டி அவுந்து பறக்குது. நாலு பஸ்ஸுல இருந்த பொண்ணுங்க மொத்தமும் பாத்துச்சுங்க. இனிமே அந்தப் பக்கம் போவமாட்டேன்."

செந்தாமரைக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கம்பெனியில் சூப்பர்வைசர் கையில் கடிகாரத்தோடு ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதிக்கொண்டு போவதை அவள் ஏழு வருஷம் பார்த்திருக்கிறாள். ஆள் வேகத்தை அளந்து பார்த்துத்தான் அங்கே லைனே ஓடும். இந்த ரோட்டைப் போட்டவர்கள் யாரை அளந்தார்கள்?

அடுத்த நாளே மற்ற பத்துப் பேரையும் ஸ்கூல் மைதானத்துக்கு இழுத்து வந்தாள். ரோட்டின் அகலத்துக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டாள். ஒவ்வொருவராக நடக்கவிட்டு, போனில் விநாடி பார்த்து நோட்டில் எழுதினாள். அவளுக்கு முப்பத்தொன்று. கிளியம்மாளுக்கு முப்பத்தெட்டு. மண்ணாங்கட்டிக்கு நாற்பத்தாறு. "இன்னொரு தபா நடக்கிறேன், மொதல்ல கால் மரத்துப் போச்சு" என்று அவர் சண்டை போட்டார். இரண்டாவது தடவை நாற்பத்தேழு வந்ததும் முதல் கணக்கையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

நோட்டை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு சேர்த்து, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுத்தாள். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம் சண்முகசுந்தரம் என்கிற இளம் இன்ஜினியர் காலை எட்டரை மணிக்குக் கூட்ரோட்டில் ஜீப்பை விட்டு இறங்கினார். திருநெல்வேலிக்காரர். பெரிசுகள் எல்லாம் காத்திருந்தார்கள். அவர் பச்சை விழுந்ததும் மளமளவென்று அந்தப் பக்கம் நடந்து, அடுத்த பச்சையில் திரும்பி வந்தார்.

"பன்னெண்டு செகண்டுதான் ஆவுது ஆச்சி. பதினெட்டு தாராளமா போதுமே?"

"உங்க காலுக்குப் போதும் சார். இவுரு காலுக்குப் போதுமான்னு பாருங்க. இவுரு கையப் புடிச்சிக்கினு ஒரு தபா போய் வாங்க" என்றாள் செந்தாமரை, மண்ணாங்கட்டியைக் காட்டி.

இன்ஜினியர் தயங்கினார். மண்ணாங்கட்டி அதற்குள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை வேட்டியைப் பெல்ட் போட்டு இறுக்கியிருந்தார்.

பச்சை விழுந்தது. இருவரும் நடந்தார்கள். நடுச்சுவருக்கு ஐந்தாறு அடி இருக்கும்போதே பதினெட்டு முடிந்துவிட்டது. ஜெனரல் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. இன்ஜினியர் ஒரு கையை உயர்த்திப் பஸ்களை மறித்து, மறுகையால் கிழவரைத் தள்ளிக்கொண்டுபோய் நடுச்சுவர் இடைவெளியில் சேர்த்தார். லாரி ஒன்று உரசுகிற மாதிரிப் போனது. அவர் மண்ணாங்கட்டியின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத தம்பி, எனக்குப் பழக்கம்தான்" என்றார் மண்ணாங்கட்டி.

அடுத்த பச்சை வர மூன்று நிமிஷம் ஆனது. திரும்பி வந்த இன்ஜினியரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, ஜீப்பின் நிழலில் நின்று பக்கம் பக்கமாகப் படித்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு ஆச்சி. ஆனா எப்பவும் அம்பது செகண்டு விட்டா பஸ்ஸெல்லாம் ஒரகடம் வரைக்கும் நின்னுரும். கம்பெனிக்காரங்க சும்மா இருக்க மாட்டாங்க."

செந்தாமரை கொஞ்சம் யோசித்தாள். "எங்க கம்பெனில லைன் பக்கத்துல ஒரு கயிறு தொங்கும் சார். தப்புன்னா யார் வேணா இழுக்கலாம், லைன் நிக்கும். மத்த நேரம் அது பாட்டுக்கு ஓடும். அந்த மாதிரி இங்க ஒண்ணு வைக்கக் கூடாதா? எங்களுக்கு வேணும்னா மட்டும் நிக்கட்டுமே."

இன்ஜினியர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குப் பட்டன் இருக்கு ஆச்சி. டவுன்ல வச்சிருக்கோம். இங்க வைக்கணும்னு யாரும் நெனைக்கல." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானும் நெனைக்கல."

ஆறு வாரத்தில் கம்பத்தில் மஞ்சள் பெட்டி ஏறியது. அமுக்கினால் ஐம்பது விநாடி. நடுச்சுவர் இடைவெளியை அகலமாக்கி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் நட்டார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை பட்டனை யார் அமுக்குவது என்று பெரிய தகராறு. செந்தாமரைதான் அமுக்க வேண்டும் என்று கிளியம்மாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மண்ணாங்கட்டி அமுக்கிவிட்டார். பஸ், லாரி, ஆட்டோ என்று எல்லாமே நின்றன. பதினோரு பேரும் ரோட்டில் இறங்கினார்கள். முன்னால் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களில் வேலைக்குப் போகிற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி கையசைத்தாள். மண்ணாங்கட்டி ஊன்றுகோலைத் தூக்கிப் பதிலுக்கு ஆட்ட, "நடண்ணே, இருக்கிறதே அம்பதுதான்!" என்று செந்தாமரை அதட்டினாள். கடைசி ஆளும் பிளாட்பாரத்தில் ஏறிய பிறகும் பச்சையில் மூன்று விநாடி மிச்சமிருந்தது.

மெர்சி அவர்களைப் பார்த்ததும் பக்கத்து அறைக்கு ஓடி நாற்காலி தூக்கி வந்தாள். ஒவ்வொருவர் கையிலும் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். மண்ணாங்கட்டியின் முறை வந்ததும் அவள் முகம் மாறியது.

"நூத்தி எழுபது! என்ன சாப்பிடுறீங்க?"

"கஞ்சிதாம்மா."

"தொட்டுக்க?"

அவர் உத்தரத்தைப் பார்த்தார். "கருவாடு" என்று பின்வரிசையிலிருந்து காட்டிக்கொடுத்தாள் கிளியம்மாள்.

"இன்னியிலேர்ந்து கருவாட்டைத் தொடக்கூடாது" என்று மெர்சி சீட்டில் சிவப்பு மையால் எழுதினாள். மண்ணாங்கட்டி செந்தாமரை பக்கம் திரும்பினார்.

"பாத்தியா தாமர, வூட்லயே கெடந்திருந்தா இந்தக் கஷ்டம் உண்டா?"

செந்தாமரை பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம்விட்டாள். மணி பத்துகூட ஆகவில்லை. பேசுவதற்கு மூன்று மாதக் கதை பாக்கி இருந்தது.