வீரிக்கு வைத்த பிரியாணி

கிறிஸ்துமஸுக்குத் துணி தைக்க எங்கள் நாய்க்குக் கழுத்தளவு எடுத்த ஒரே டெய்லர் பொன்மணியக்காதான். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற அதே டேப்பு, அதே கவனம். "ஏட்டி வீரி, தலையத் தூக்கு" என்று சொல்லி, டேப்பைச் சுற்றி, விரல் நுழைகிற அளவு இடம் விட்டு, எங்கள் முற்றத்துச் சிமெண்டுத் தரையிலேயே சாக்பீஸால் குறித்துக்கொண்டாள். வீரியும் கல்யாணப் பெண் மாதிரி அசையாமல் நின்றது.

"ஊர்ல பாதிப் பேரு ஜாக்கெட்டுக்குக் காத்துக் கெடக்காவ. நீங்க நாய்க்கு அளவெடுக்கீய" என்றேன்.

"அவியளுக்கு இந்தக் கடை இல்லன்னா இன்னொரு கடை. வீரிக்கு யாரு தச்சிக் குடுப்பா?"

அக்கா எங்களுக்கு எதிர்வீடு. எட்டயபுரம் ரோட்டில் சின்னதாகத் தையல் கடை. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாள், புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் துணைக்கு மூன்று காலில் நடக்கிற டைகர் என்ற நாயும், ரோஸி என்ற பூனையும்தான். டிசம்பரில் அவள் மிஷின் ஓயவே ஓயாது. அந்த நெருக்கடியிலும் மிச்சத் துணியில் டைகருக்கு ஒரு கழுத்துப்பட்டை, ரோஸிக்கு மணி கோத்த ஒன்று, இரண்டுக்கும் புதிதாக மெத்தை உறை என்று தைத்துவிடுவாள். பண்டிகை அன்று ரோஸிக்கு முள் எடுத்த மீன், டைகருக்குப் பிரியாணி. தட்டு கூட எவர்சில்வர்.

நாங்கள் ஆடு வளர்க்கிறவர்கள். மாட்டுப் பொங்கலுக்கு ஆட்டுக் கொம்பில் பெயிண்ட் அடித்து, நெற்றியில் மஞ்சள் வைப்போம். உழைக்கிற ஜீவனுக்கு மரியாதை, அதோடு சரி. அக்காவின் பூனை என்ன உழைக்கிறது? எலியைப் பார்த்தால் அதுதான் முதலில் கட்டிலில் ஏறும். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு வருஷம் கேட்டே விட்டேன்.

"இயேசப்பா பொறக்க எடமில்லன்னு கதவச் சாத்துனது பூராம் மனுசங்கதாம்ட்டி" என்றாள். "எடம் குடுத்தது தொழுவம். அங்கன நின்ன ஆட்டுக்கும் மாட்டுக்கும் அன்னைக்கி யாரும் நன்றி சொல்லல. அந்தக் கடன நான் எங்க வீட்டு நாய்க்கும் பூனைக்கும் தீக்கேன்."

என் வாயை இப்படி ஒருத்தர் அடைப்பது ஊரில் மழை பெய்கிற மாதிரி, எப்போதாவதுதான் நடக்கும்.

இந்த வருஷம் அந்தக் கணக்கில் வீரியும் சேர்ந்துவிட்டது. வீரி கன்னி இனத்து வேட்டை நாய். கருகருவென்று, ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, ஓடினால் கண்ணுக்குப் பிடிபடாது. என் வீட்டுக்காரர் இசக்கிராஜாவின் ஆட்டுப் பட்டிக்கு அதுதான் காவல். கரிசல் முழுக்க உளுந்தும் பாசிப்பயறும் நிற்கிற மாதம், மேய இடமில்லாமல் ஆடுகள் சீக்கிரமே வீடு திரும்பிவிடும். ஆடு அடைந்ததும் வீரி தன்பாட்டுக்குக் கிளம்பிப் போய், அக்காவின் கடை வாசலில் காத்திருந்து, தெருநாய்களை விரட்டிக்கொண்டு அவளை வீடு சேர்க்கும். யாரும் பழக்கவில்லை, அதுவாகச் செய்தது.

"என்னைய தெனம் கூட்டிட்டு வாராளே, அவளுக்கு நான் செய்யாம யாரு செய்யுவா?" என்றாள் அக்கா.

பிரியாணிக்குக் கிடா எங்கள் பட்டியிலிருந்துதான் வாங்கினாள். கிறிஸ்துமஸ் அன்று எனக்குப் பிரியாணி, முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் தூக்கு நிறைய வந்தது. நான் உள்ளே பாத்திரம் மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால், கழுத்தில் சிவப்பு வெல்வெட் பட்டையோடு வீரி எவர்சில்வர் தட்டை நக்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அக்கா குத்தவைத்து உட்கார்ந்து, பெற்ற பிள்ளைக்கு ஊட்டியவள் போல் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"எலும்பெல்லாம் எடுத்துட்டேன் உமா. வெறுங்கறிதான். தொண்டையில குத்தும்லா."

பட்டி நாய்க்கு ஆட்டுக்கறி போடவே மாட்டோம். கஞ்சியும் மோரும்தான் அதற்குச் சாப்பாடு. ஒரு தரம் ஆட்டுக்கறி ருசி கண்டுவிட்டால் குட்டி மேல் வாய் வைக்கும், அதன்பின் அந்த நாயை நம்பி ஆட்டை விட முடியாது என்பது எங்கள் ஆட்கள் பரம்பரையாகச் சொல்லுவது. இது வேறு சாதாரணக் கறியா? வீரியின் காவலில் வளர்ந்த கிடா. ஆட்டோடு பழகாத வீட்டில் பிறந்த பொன்மணியக்காவுக்கு இது எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது நல்லதை எடுத்து வைக்க மட்டும்தான்.

சொல்லாமல் மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதற்குள் இசக்கிராஜா ஆட்டோடு வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். வீரியை இழுத்துப் போய் வேப்பமரத்தில் கட்டினார்.

"நாளைக்கிப் புதூருக்குக் கொண்டு போயி சுடலைக்குமார்ட்ட விட்டுருதேன். அங்கன கெடக்கட்டும்."

சுடலைக்குமார் அவருடைய சித்தப்பா மகன். அவனிடம் நாய் என்றால் சங்கிலியில் பிறந்து சங்கிலியில் சாகிறது. ஓடுவதற்கென்றே படைத்த வீரி அங்கே எத்தனை நாள் தாங்கும்?

ஆட்டுக்கறி விஷயத்தை நான் சொன்னதும் அக்காவின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் அவள் அழவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. நேராக இசக்கிராஜா முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, தப்பு பண்ணுனது நான். வச்சதத் தின்னதத் தவிர அது என்ன செஞ்சிது? தண்டன எனக்குக் குடுங்க."

"பாசத்துல செஞ்சிய, எனக்குத் தெரியாதாக்கா? உங்க மேல கோவமில்ல. குட்டியக் கடிச்சிட்டுன்னா நான் யார்ட்ட போயி கேக்க?"

"கடிக்குமான்னு பாத்தியளா?"

அவர் கயிற்று முடிச்சை இறுக்கினார்.

"பாக்காமலே தீர்ப்புச் சொல்லுதீயளே. ஒரு நாளு பாருங்க. குட்டியளோட விட்டுப் பாருங்க. நான் இங்கனயே உக்காந்திருக்கேன். வாயத் தொறந்துச்சின்னா நானே உங்ககூடப் புதூருக்கு வந்து விட்டுட்டு வாரேன்."

அவர் வீரியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "வயிறு நெறஞ்ச நாய்ட்ட என்னத்தத் தெரியும்? பட்டினி போட்டுத்தான் பாக்கணும். நாளைக்கிக் காலையில இருந்து கஞ்சி வைக்கப்பிடாது" என்றார்.

மறுநாள் அவர் ஆடுகளைப் பத்திக்கொண்டு போனார். பால்குட்டிகளை எப்போதும் வீட்டில்தான் விடுவோம். தாய்கள் மறைந்ததும் அதுகள் கத்தின கத்து தெருவையே எழுப்பியது. வீரியை அவிழ்த்து முற்றத்தில் விட்டேன். அக்கா ஸ்டூல் போட்டு வேலியோரம் உட்கார்ந்தாள். கடை பூட்டிக் கிடந்தது. பண்டிகைக்கு மறுநாள், வீட்டில் சோறு பலகாரம் எல்லாம் அப்படியே இருக்க, விருந்துக்கு வரச்சொல்லி மகள் போன் மேல் போன் போட, இவள் நாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

முற்பகலில் ஒன்றும் இல்லை. குட்டிகள் வீரியின் முதுகில் ஏறின, வாலைச் சப்பின. அது நிழல் பார்த்துப் படுத்திருந்தது. பசி தெரிந்தது. கஞ்சித் தொட்டியருகே போய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வரும். அந்த ஒவ்வொரு தரமும் அக்கா தன் முந்தானையைக் கசக்கினாள்.

வெயில் ஏறியபோது அந்த வினை வந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள குட்டி ஒன்று வேலியில் பாய, கருவேல முள் தொடையைக் கிழித்துவிட்டது. ரத்தம் சொட்ட, கத்திக்கொண்டே அது நொண்டி வந்தது. வீரி எழுந்தது. மூக்கைத் தூக்கிக் காற்றில் மோந்தது. அப்புறம் நேராகக் குட்டியிடம் போனது.

நான் கம்பை எடுக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டாள். "ஏட்டி, பொறு" என்றாள்.

வீரி குட்டியின் தொடையில் வாய் வைத்தது. நக்கியது. பட்டினியாகக் கிடக்கிற நாய், முந்தின நாள் அதே கறியின் ருசி கண்ட நாய், ரத்தத்தை நக்குகிறது. பல் எப்போது தெரியும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை. ரத்தம் நிற்கும்வரை மெதுவாக நக்கியது. பிறகு குட்டியை ஒட்டிப் படுத்து, முன்காலை அதன் மேல் போட்டுக்கொண்டது. குட்டி கத்தலை நிறுத்தித் தூங்கிப்போனது. என் கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவும் வெட்கப்படவில்லை.

சாயங்காலம் இசக்கிராஜா வந்ததும் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் சுட்டிக்குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக் காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக, ஈ மொய்க்காமல் இருந்தது. பட்டியிலிருந்த ஒவ்வொரு குட்டியையும் தடவிப் பார்த்தார். கடைசியில் எழுந்து, கஞ்சிப் பானையைத் தானே எடுத்து வந்து வீரியின் தொட்டியில் ஊற்றினார். "குடி" என்றார். வீரி வாலை ஆட்டக்கூட நேரமில்லாமல் குடித்தது.

அதைப் பார்த்த பிறகுதான் அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். எழுந்தவள் தள்ளாடி வேலிக்கம்பைப் பிடித்தாள்.

"என்னக்கா செய்யுது? மத்தியானம் சாப்ட்டியளா?"

"இல்லட்டி."

"காலையில?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வீடு நெறைய பிரியாணியும் பலகாரமும் வச்சிக்கிட்டு, பண்டிக மறுநாளு பட்டினி கெடப்பாளா ஒரு மனுசி?" என்று கத்திவிட்டேன். வயதில் மூத்தவளை அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுதான்.

"அது பட்டினி கெடக்கது என்னாலதான உமா" என்றாள். "எனக்குத் தொண்டையில எறங்குமா?"

இசக்கிராஜா கேட்டுக்கொண்டுதான் நின்றார். வீட்டுக்குள் போனார். வெளியே வரும்போது ஒரு கையில் செம்பு நிறையக் கஞ்சி, இன்னொரு கையில் சுண்டைவற்றலும் வெங்காயமும் வைத்த தட்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனிதர் யாருக்கும் பரிமாறி நான் பார்த்ததில்லை. அக்கா முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

அக்கா குடித்தாள். வீரி தொட்டியைக் காலி செய்துவிட்டு வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டது. செம்பு காலியானதும் இசக்கிராஜா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அடுத்த கிறிஸ்துமஸுக்கு வீரிக்கு முட்டை வச்சிருங்கக்கா. அவிச்ச முட்டைன்னா ரொம்ப இஷ்டமாத் திங்கும்."