எண்பத்து நான்கு சாவிகளும் ஒரு படுக்கையறையும்

ஊருக்கே நல்லவராக இருந்த ஒருத்தரோடு ஒரே வீட்டில் இருபத்து மூன்று வருஷம் குப்பை கொட்டுவது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது? மருமகளுக்குத்தான் தெரியும். அதனால்தான் மாமியாரின் இரங்கல் கூட்டம் நடந்த வாசகசாலைக்கு அவள் வெறுங்கையோடு போகவில்லை. எண்பத்து நான்கு சாவிகள் தொங்குகிற மரப்பலகையைச் சுவரிலிருந்து கழற்றி, போர்வையில் சுற்றி, ஒரு முனையைப் புருஷன் கையில் கொடுத்து மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு போனாள்.

"இன்னிக்கே வேணுமா இது? ஊர் என்ன பேசும்?" என்று அவன் வழி முழுக்க முனகினான்.

"ஊர் பேசட்டும். இன்னிக்கு என் ரூம் எனக்கு வந்தாகணும். பேசாம நடங்க."

மாமியார் ஊருக்குப் பெரியம்மா, வீட்டுக்கு அத்தை, மருமகளின் மனசுக்குள் மட்டும் கமாண்டர். ஊரில் யாரெல்லாம் தனியாக இருந்தார்களோ, யாருக்கெல்லாம் மறதியோ, அத்தனை பேருடைய மாற்றுச் சாவியும் கமாண்டரிடம் இருந்தது. யாருக்காவது காய்ச்சல் என்று காதில் விழுந்தால் போதும், அவர்கள் வீட்டைத் திறந்துகொண்டு மருந்தோடு கட்டிலருகே போய் நிற்பார். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லாத நேரமாகப் பார்த்துத்தான் போவார். ரிட்டயரான டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது ஐந்தே நிமிஷத்தில் உள்ளே போய்த் தூக்கியதும் அவர்தான். தூக்கிக்கொண்டே, குளியலறை அழுக்காக இருப்பதைப் பற்றி ஒரு பாட்டம் திட்டியதும் அவர்தான்.

எல்லாம் சரி. அந்தப் பலகையை எங்கே மாட்டினார்? முன்னறையில் மாட்டினால் திருடன் கண்ணில் படுமாம். சாவியில் பேர் எழுதினால் திருடனுக்கு நாமே வழி சொன்னது போல ஆகுமாம். அதனால் பேரில்லாத எண்பத்து நான்கு சாவிகளும் மகனும் மருமகளும் படுக்கிற அறையில், கட்டிலுக்கு நேர் மேலே தொங்கின. புதுசாகக் கல்யாணமான ஜோடி என்றெல்லாம் கமாண்டருக்குக் கணக்கில்லை. விடிந்தும் விடியாமலும் பேக்கரிக்காரர் உள்ளே வந்து, "நீங்க தூங்குங்க, நானே எடுத்துக்கிறேன்" என்று கட்டில் மேல் ஒரு காலை வைத்து எட்டுவார். எட்டினாலும் அவருக்கு எது தன் சாவி என்று தெரியாது. சமையலறையிலிருந்து கமாண்டரின் குரல் வரும்: "நாலாவது வரிசை, கழுத்து சுளுக்கினது! எடுத்துக் குடும்மா!" மருமகள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள்.

வந்த முதல் மாசம் அவளுக்கு அம்மா வீட்டு ஏக்கம். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்க்கலாம் என்று கட்டிலில் உட்காருவாள். முதல் சொட்டு விழுவதற்குள் கதவு திறக்கும். "தங்கச்சி, சாவி" என்று தையல்காரர் நிற்பார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தால் டீச்சர். அழுகை பாதியில் நின்றால் தும்மல் பாதியில் நின்றதைவிட மோசம். அந்த வீட்டில் ஒரு அழுகையைக்கூட அவள் முழுசாக அழுது முடித்ததில்லை.

பூட்டிக்கொள்ளலாம் என்றால், "அந்தப் பூட்டோட சாவி என்னிக்கோ தொலஞ்சு போச்சும்மா" என்றார் கமாண்டர். ஒரு தாழ்ப்பாளாவது போடலாமே என்றால், ஆணி அடித்தால் கதவு பிளந்துவிடுமாம். ஒரே பலகையில் எண்பத்து நான்கு ஆணி அடித்த மகராசி சொன்னது இது!

வாசகசாலையில் உட்கார இடமில்லை. ஒருத்தர் விடாமல் எழுந்து கமாண்டரைத் தெய்வமாக்கினார்கள். பல் டாக்டர், "தாய்க்கும் மேல்" என்று சொல்லி மூக்கைச் சிந்தினார். அவர் மிக்சரும் கையுமாகப் பல் வலியில் துடித்ததை ஊர் பூராவும் சொல்லிச் சிரித்தது இதே தாய்தான். கடைசியில் மருமகளைக் கூப்பிட்டார்கள்.

"எங்க அத்தை நல்லவங்கதான், நான் இல்லேன்னு சொல்லல" என்று ஆரம்பித்தாள். "ஆனா அவங்க சேவை பண்ணது உங்களுக்கு, பண்ண இடம் என் பெட்ரூம். அது இன்னியோட முடிஞ்சுது. அவங்கவங்க சாவிய அவங்கவங்க எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

போர்வையை விலக்கினாள். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. பிறகு மெதுவாக எழுந்து வந்து பலகையைச் சுற்றி நின்று திருதிருவென்று விழித்தார்கள். தன் சாவி எது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமும் கையை நீட்டினார்கள், சாவி வந்தது, அவ்வளவுதான். தையல்காரர் மூன்று சாவிகளை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றும் தன்னுடையதுதான் என்று சாதித்தார்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, கீழ வைங்க! அது டீச்சரோடது. உங்களோடது ரெண்டாவது வரிசை, பச்சை நூல் கட்டினது. போன மழைக்கு வீட்டுக்குள்ளயே சாவிய வச்சுப் பூட்டிட்டு ஜன்னல் கம்பியில தலைய விட்டு மாட்டிக்கிட்டீங்களே, அதுவும் மறந்து போச்சா? பேக்கரி அண்ணே, உங்களுது கழுத்து சுளுக்கினது. டாக்டர், பல்லு போனது இருக்கு பாருங்க, அதான் உங்களுது. வேற யாருக்கு இருக்கும்?"

கூட்டம் சிரித்தது. அழ வந்த கூட்டம்! அவள் எடுத்து எடுத்துக் கொடுத்தாள், ஒவ்வொரு சாவிக்கும் ஒரு திட்டோடு. ஒன்றுகூடத் தப்பவில்லை. இத்தனையும் தன் தலைக்குள் எப்போது போய் உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியாது. டீச்சர் தன் சாவியை வாங்கிக்கொண்டு அவள் கன்னத்தைத் தொட்டார். "திட்டுறதுகூட அப்படியே பெரியம்மா மாதிரியே இருக்குடி."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

எண்பத்து மூன்று போய்விட்டன. முதல் வரிசை முதல் ஆணியில் ஒன்று மட்டும் தொங்கியது. தடித்த, பழைய சாவி. அதைக் கேட்டு யாரும் ஒருநாளும் வந்ததில்லை, கமாண்டரும் எடுக்கச் சொன்னதில்லை. "இது யாரோடது?" என்று தூக்கிக் காட்டினாள். ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள். புருஷன் மட்டும் மின்விசிறியை அண்ணாந்து ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபத்து மூன்று வருஷம் கூடவே இருந்தவளுக்கு அந்தப் பார்வை தெரியாதா? வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே படுக்கையறைக் கதவுக்குப் போனாள். சாவி உள்ளே போனது. திருப்பினாள். கொஞ்சம்கூட முரண்டு பிடிக்காமல், நேற்றுத்தான் எண்ணெய் விட்டது போலத் திரும்பியது.

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்கா?"

"தெரியும்! என் தலைக்கு மேலயே தொங்கியிருக்கு! இத்தன வருஷம் வாயத் திறக்கல நீங்க!"

அவன் பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு அசடு வழிந்தான். "நான் அப்பவே அம்மாகிட்ட கேட்டேன். 'சாவி கைக்கு வந்தா அவ உள்ள பூட்டிக்கிட்டுத் தனியா அழுதுகிட்டே கிடப்பா. நாலு பேர் வந்து போகட்டும், தானா பழகிடுவா. அப்புறம் நானே குடுக்கிறேன்'னு சொன்னாங்க. அப்புறம்… மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

மறந்தவரா எண்ணெய் விட்டார்?

அவள் சாவியை உருவிக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பூட்டினாள். கட்டிலில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். பலகை இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தது.

"ஏன் அத்தை," என்றாள் சத்தமாக, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உங்கள நான் எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?"

சமையலறையிலிருந்து பதில் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அம்மா வீட்டுக்காக அழ ஆரம்பித்து நிறுத்திய பழைய பாக்கியும் சேர்ந்துகொண்டு குபுகுபுவென்று வந்தது. இந்தப் பொல்லாத கிழவி இல்லாமல் இனி இந்த வீட்டில் யாரைத் திட்டுவது என்று நினைத்ததும் இன்னும் வந்தது.

கதவை யாரோ தட்டினார்கள்.

"தங்கச்சி…" தையல்காரர். "இத எங்கிட்ட வச்சா தொலச்சிடுவேன். நீயே வச்சுக்கம்மா." அவருக்குப் பின்னால் பேக்கரிக்காரரின் இருமல் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னும் பலருடைய செருப்புச் சத்தம்.

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். பொங்கிக்கொண்டு வந்த கோபத்தில் அவள் குரல் தெருக்கோடி வரைக்கும் போனது.

"பலகை முன்னறையிலதான் மாட்டுவேன், சொல்லிட்டேன்! ஆணி தேடி எடுத்து வைங்க. இப்ப யாரும் கதவைத் தட்டக் கூடாது. நான் அழுதுகிட்டிருக்கேன், முடிச்சிட்டுத்தான் வருவேன்!"

வெளியே நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.