சார்ஜர் கொட்டிலுக்கு ஆசீர்வாதம்

காலையில் போன கரண்ட், மத்தியானம் சாப்பிட்டுக் கை அலம்புகிற நேரத்தில்தான் திரும்பி வந்தது. றஞ்சிதம் வேலியடியால் குறுக்கே விழுந்து மீனவர் சங்கத்தின் சார்ஜர் கொட்டிலுக்கு ஓடினாள். வாசலில் நின்று கையைச் சட்டையில் ஒன்றுக்கு இரண்டு தடவை துடைத்தாள். ஈரக் கையோடு சார்ஜரைத் தொடுகிற ஆட்களை அவளுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது.

பலகை மேசையில் படகுக்காரரின் பற்றரிகள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. இரவில் வங்காலைக் கடலில் எரிகிற வெளிச்சமெல்லாம் இந்த மேசையிலிருந்து போவதுதான். வரிசையின் கடைசியில் பங்கு ஃபாதரின் கார் பற்றரி. கார் மூன்று தரம் இருமிவிட்டுப் படுத்துவிட்டதாம், நேற்று கொடுத்தனுப்பியிருந்தார்.

அவள் கண்ணாடியை மாட்டி, றப்பர் கையுறையைப் போட்டாள். ஒவ்வொரு பற்றரியின் மூடியையும் திறந்து, உள்ளே தகட்டுக்கு மேலே தண்ணீர் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பற்றரிகளை வயரால் ஒன்றோடொன்று கோர்த்தாள். ஒரு நுனியில் சிவப்புக் கிளிப், மற்ற நுனியில் கறுப்புக் கிளிப். அதற்குப் பிறகுதான் பிளக், கடைசியில் சுவிட்ச். கழற்றும்போது இதே ஒழுங்கு தலைகீழாக வரும். சிலுவை அடையாளம் போடுகிற கை எப்படி இடம் மாறாதோ, அப்படி இதுவும் அவளுக்கு மாறாது.

"றஞ்சிதம், என்ர பற்றரி ஏறுதோ?" என்று தம்பு அண்ணை வாசலுக்கு வந்தார். வாயில் பீடி.

"அதை எறிஞ்சுபோட்டு வாங்கோ. இல்லாட்டி அந்தப் பூவரசுக்கு அங்கால நில்லுங்கோ."

"உனக்கு நெருப்பும் ஆகாது, தண்ணியும் ஆகாது!"

தண்ணீர்க் கதை ஊருக்கே தெரியும். போன மாதம் பற்றரியில் தண்ணீர் வற்றிவிட்டதென்று, மடு மாதா கோயிலிலிருந்து போத்தலில் கொண்டுவந்த தீர்த்தத்தை ஊற்றி நிரப்பியவர் இவர்தான். பற்றரி அந்தக் கிழமையே கண்ணை மூடியது.

"மாதாவின்ர தண்ணியில என்னடி பிழை?"

"மாதாவில பிழையில்லை அண்ணை. கிணத்துத் தண்ணியில உப்பு. பற்றரிக்குக் கடையில விக்கிற பற்றரித் தண்ணிதான் விடவேணும். பாவம், மாதாவை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்?"

தம்பு அண்ணை சிரித்துக்கொண்டே பூவரசடிக்குப் போனார்.

றஞ்சிதத்துக்கு இன்றைக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. கருவாட்டு வாடியில் உப்புக்குள் கிடந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போன கையோடு இந்தக் கொட்டிலுக்கு வந்தவள் அவள். மன்னார் ரவுனில் பற்றரிக் கடை வைத்திருக்கிற அப்துல் றசாக் நானா சார்ஜரைப் பொருத்த வந்த அன்று, படகுக்காரர் எல்லாரும் விலையைக் கேட்டுவிட்டுப் போக, நின்று வேலையைக் கேட்டவள் இவள் ஒருத்திதான். சரி, கொஞ்சக் காலம் செய்து பார்க்கட்டும் என்று சங்கம் விட்டது. அதற்குப் பிறகு ஒரு பற்றரியும் வெடிக்கவில்லை, ஒருவருடைய கண்ணிலும் அசிட் தெறிக்கவில்லை. இன்று கொட்டிலை ஆசீர்வதித்து, பொறுப்பாளர் இன்னார் என்று அறிவித்துச் சாவி கொடுக்கப் போகிறார்கள். பொறுப்பாளர் என்றால் சங்கத்தில் அங்கத்தவர். அங்கத்தவருக்குக் கூட்டத்தில் ஒரு கதிரை. வங்காலையில் ஒரு பெண் அந்தக் கதிரையில் இருந்ததே கிடையாது. அந்தக் கதிரைதான் அவளுக்கு வேண்டும்.

புனித அன்னம்மாளின் சிலையைத் தூக்கிக்கொண்டு கோயிலிலிருந்து ஊர்வலம் பொழுதுபடத்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னர் சார்ஜரை நிறுத்தி, கொட்டிலைக் காற்றாட விட்டால் போதும். அவள் ஜன்னல்களை அகலத் திறந்துவைத்து, புருசன் தோமஸைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, சேலை உடுக்க வீட்டுக்குப் போனாள்.

"ஒண்டையும் தொடாதேங்கோ," என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

தோமஸ் நல்ல மனுசன். கடலில் கெட்டிக்காரன். கரையில் கையை வைத்தால்தான் கரைச்சல். அவள் மயில்நீலச் சேலையோடு திரும்பி வந்தபோது கொட்டிலின் ஜன்னல் எல்லாம் இறுகச் சாத்திக் கிடந்தது.

"ஐயோ, ஏனப்பா சாத்தினீங்கள்?"

"சோளகக் காத்து மண்ணை அள்ளிக் கொட்டுது. அன்னம்மாளின்ர சுருவம் வைக்க மூலை மேசையில வெள்ளைத் துணி விரிச்சனான், அதில மண் விழாதே?" தோமஸ் பெருமையாகச் சொன்னார். "ஒண்டையும் தொடேல்லை. ஜன்னலை மட்டும்தான்."

உள்ளே சோற்றுப் பானை கொதிக்கிற மாதிரிப் பற்றரிகள் கொப்பளித்துக்கொண்டிருந்தன. அந்தக் கொப்பளிப்பில் வருகிற வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒரு பொறி பட்டால் போதும். றஞ்சிதம் சுவிட்சை நிறுத்தினாள், பிளக்கைக் கழற்றினாள், ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள். கிளிப்பைத் தொடவில்லை, வாயு போகட்டும் என்று விட்டாள். அவள் கடைசி ஜன்னலில் நிற்கும்போதே ஒழுங்கைத் திருப்பத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது.

"வந்திட்டினம்!" என்றார் தோமஸ். "ஃபாதருக்குப் பின்னேரம் முள்ளிக்குளத்தில பூசையாம். அதுதான் வேளைக்கே வெளிக்கிட்டிருக்கினம்."

முன்னால் அன்னம்மாள் சுருவம். பக்கத்தில் தணல் போட்ட தூபக்காலை ஆட்டிக்கொண்டு ஒருவர். பின்னால் ஃபாதரும் வெள்ளைச் சேட்டில் சங்கத் தலைவர், படகுகளுக்குச் சொந்தக்காரரான சூசைதாசன் சம்மாட்டியும். அதற்குப் பின்னால் பாதி ஊர், ஆளுக்கொரு மெழுகுதிரியோடு. காற்றில் அணையாமல் கையால் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தார்கள். மூடின இடத்துக்குள் எப்போது போய்ச் சேருவோம் என்ற அவசரம் எல்லாருடைய முகத்திலும் இருந்தது.

சாவி சம்மாட்டியின் சேட்டுப் பொக்கற்றில் இருக்கிறது. இந்த நேரத்தில் அந்த மனுசனோடு முகத்தை முறித்தால் கதிரை அவ்வளவுதான். அவள் வாசலில் போய் நின்று இரண்டு கையையும் கதவு நிலையில் ஊன்றினாள்.

"நில்லுங்கோ! ஒருத்தரும் உள்ளுக்க வரவேண்டாம்!"

பாட்டு அறுந்தது.

"என்ன பிள்ள இது?" சம்மாட்டியின் முகம் சிவந்தது. "அன்னம்மாளை வாசலில மறிக்கிறியோ?"

"அன்னம்மாள் வரட்டும் ஐயா. மெழுகுதிரி வரக்கூடாது. தூபக்காலும் வரக்கூடாது. உள்ளுக்க வாயு நிண்டுகொண்டிருக்கு. நெருப்புப் பட்டா வெடிக்கும், அசிட் மூஞ்சையில அடிக்கும்."

"ஆசீர்வாதம் இல்லாத கொட்டிலில ஆரடி பற்றரி வைப்பினம்? நாளைக்கே உன்னை நிப்பாட்டிப் போடுவன், தெரியுமோ?"

"நிப்பாட்டுங்கோ," என்றாள் றஞ்சிதம். நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "நாளைக்கு நிப்பாட்டுங்கோ. இண்டைக்கு நான்தான் நிக்கிறன்." பிறகு ஃபாதரைப் பார்த்தாள். "ஃபாதர், உங்கட காரின்ர பற்றரியும் உள்ளுக்கதான் கிடக்குது."

ஃபாதர் இளம் ஆள். கையிலிருந்த மெழுகுதிரியை ஒருமுறை பார்த்தார், கொட்டிலை ஒருமுறை பார்த்தார். ஊஃப் என்று ஊதி அணைத்துவிட்டு இரண்டடி பின்னால் வைத்தார். பூவரசடியிலிருந்து தம்பு அண்ணை கெக்கட்டம் விட்டுச் சிரிக்க, ஊரே சிரித்தது.

"அன்னம்மாள் இவவைத்தான் முன்னுக்கு அனுப்பியிருக்கிறா போல," என்றார் ஃபாதர். "மெழுகுதிரியெல்லாத்தையும் அந்த மண்ணில குத்துங்கோ. நான் வெளிய நிண்டே ஆசீர்வதிக்கிறன்."

"தீர்த்தத்தைச் சார்ஜர்ப் பக்கம் எறியாதேங்கோ, ஃபாதர்."

"சரி அக்கா, நிலைக்கு மட்டும்."

பூவரசடி மண்ணில் அவ்வளவு மெழுகுதிரியும் நின்றன. சோளகம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. செபம் முடிந்து, பிளேன்ரீ குடித்து, சம்மாட்டி வெள்ளைச் சேட்டில் விழுந்த மண்ணைத் தட்டித் தட்டி அலுத்த பிறகுதான் றஞ்சிதம் "இனி வாங்கோ" என்றாள். அதற்குள் அவருடைய கோபமும் ஆறியிருந்தது. முன்வரிசைப் பெண்கள் அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கு மனம் குளிர்ந்துபோனது.

சம்மாட்டி பொக்கற்றிலிருந்து சாவியை எடுத்துத் தொண்டையைச் செருமினார். "எங்கட சார்ஜர் கொட்டில் நல்லாப் பாதுகாப்பா நடக்குது. இண்டைக்கு எல்லாரும் கண்ணால கண்டியள். அதால சங்கம் ஏகமனதாத் தெரிவு செய்த பொறுப்பாளர்..." சற்று நிறுத்தினார். "தோமஸ்!"

கைதட்டல் எழுந்தது. தோமஸ் திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு தோமஸ் யாரும் நிற்கிறார்களோ என்று.

"ஐயா, வேலை செய்யிறது இவவெல்லோ?" என்றார்.

"ஆர் இல்லையெண்டது? வேலையை அவ செய்யட்டும். சங்கத்தில பொம்பிளையளுக்கு அங்கத்துவம் இல்லை, பேர் உன்ர பேரில இருக்கட்டும். ஒரே வீடுதானே!"

யாரோ தோமஸின் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். சிரிக்கிறதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் றஞ்சிதத்தைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

சங்கச் செயலாளர் நிரூபன் ஃபோனைத் தூக்கினான். "தோமஸண்ணை, சார்ஜரடியில நில்லுங்கோ. கிளிப் ரெண்டையும் கழட்டிக் கையில பிடியுங்கோ. ஆ, அப்பிடித்தான். றஞ்சிதமக்கா, நீங்கள் மறைக்கிறியள், கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ."

அவள் தள்ளி நின்றாள்.

"சார்ஜரின்ர லைற் எரிஞ்சா இன்னும் வடிவா இருக்கும்," என்று நிரூபன் குனிந்து பிளக்கைத் தேடினான்.

தோமஸ் சிவப்புக் கிளிப்பையும் கறுப்புக் கிளிப்பையும் ஒன்றோடொன்று முட்ட ஒரே கையில் பிடித்துக்கொண்டு, மாலையோடு நேராகப் பார்த்தபடி நின்றார். இரண்டும் முட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் கரண்ட் ஏறினால் அவர் கையிலேயே பொறி பறக்கும்.

"லைற் ஒண்டும் வேண்டாம், எடு படத்தை," என்றாள் றஞ்சிதம். நிரூபன் தேடிய பிளக் அவள் கையில் இருந்தது. படத்தில் விழாத அந்தச் சுவர் மூலையில், நிரூபன் எடுத்து முடிக்கும் வரைக்கும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.